சயாம் மரண ரயில் ஆவணப்படத்தைப் பிள்ளைகளுடன் பார்ப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை போர்க்கைதிகளையும் மலாயாத் தோட்டத் தொழிலாளர்களையும் வதைத்து வேலை வாங்கிப் போட்டதுதான் சயாம் மரண ரயில் பாதை. அதைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் பெற்றோர், பிள்ளைகள் உறங்கிய பிறகு முதலில் தாங்கள் மட்டும் அதை இறுதிவரை பார்த்துவிட வேண்டும். பார்க்கும்போது ஒரு தாளில் இரண்டு வகை இடங்களை நிமிடக் கணக்கோடு குறித்துக்கொள்வது நல்லது. எலும்பும் தோலுமான உடல்கள், அழுகிய கால் புண்கள், வாந்திபேதியால் இறந்தவர்களை எரிக்கும் காட்சிகள் ஆகியவை முதல் வகை. தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு சொல்லாவது வரும் இடங்கள் இரண்டாவது வகை. பெரும்பாலான படங்களில் இந்த இரண்டாவது பட்டியல் மிகவும் சிறியதாகவே இருக்கும். அந்தத் தாள்தான் பின்னர் பிள்ளைகளிடம் பேச உதவப்போகிறது.

பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் படமே வேண்டாம் என்பது என் கருத்து. அவர்களுக்கு வரைபடமும் கதையும் போதும். பத்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளவர்களுக்கு, தேர்ந்தெடுத்த அரை மணி நேரப் பகுதியை மட்டும் காட்டலாம். அதற்கு மேற்பட்டவர்கள் முழுப்படத்தையும் இரண்டு அமர்வுகளில் பார்க்கலாம். படுக்கப்போகும் நேரத்தில் எவருக்கும் காட்ட வேண்டாம்.

படத்தைத் தொடங்குமுன் வரைபடத்தை விரித்து, சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவில் இருந்த தன் படைக்குக் கடல்வழியே பொருள் அனுப்பினால் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் தாக்கும் என்பதால், தாய்லாந்தின் பான் போங் பகுதியிலிருந்து பர்மாவின் தன்பியுசயாத் வரை காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்டவாளம் போட ஜப்பான் முடிவு செய்தது. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் தொலைவைவிட இது அதிகம் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு அளவு புரியும். அந்தப் பாதை பெரும்பாலும் மண்வெட்டி, கூடை, உளி, சுத்தியல் ஆகியவற்றைக் கொண்டு ஏறத்தாழ 16 மாதங்களில் போடப்பட்டு, 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைகளும் இணைந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால், அந்த வேகத்துக்கு யார் விலை கொடுத்திருப்பார்கள் என்ற கேள்வியைப் பிள்ளையே எழுப்பக்கூடும்.

தாய்லாந்தில் இந்தப் பாதையோரம் உள்ள காஞ்சனபுரி நகரின் போர்க் கல்லறைத் தோட்டம் திரையில் வரும்போது படத்தை நிறுத்துங்கள். போர்க்கைதிகளின் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் அங்கே ஒரே சீராக நிற்கின்றன. "இங்கே யாருடைய பெயர் இல்லை?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை பதில் சொல்லாவிட்டாலும் சற்றுக் காத்திருங்கள். போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் இந்தப் பாதையில் வேலை வாங்கப்பட்டு, அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்கு இராணுவப் பதிவேடு இருந்தது. சிலர் ஒளித்து ஒளித்து நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் ஊர் திரும்பி நூல்கள் எழுதினார்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களுக்கும், அவர்களோடு உழைத்த மலாய்க்காரர், ஜாவானியர், பர்மியர் போன்றோருக்கும் அப்படி எதுவும் இல்லை. இறந்த தொழிலாளர்கள் 80,000 முதல் ஒரு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு மட்டுமே. போர்க்கைதிகளின் கணக்கு ஆயிரங்களில் நெருங்கி நிற்க, தொழிலாளர்களின் கணக்கில் இருபதாயிரம் உயிர்கள் இருந்தனவா இல்லையா என்றே தெரியாமல் போனது ஏன் என்பதைப் பிள்ளையோடு சேர்ந்து யோசிக்க வேண்டிய இடம் இதுதான். அவசரப்பட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடக் கூடாது.

இந்தப் பாதையில் உள்ள குவாய் ஆற்றுப் பாலத்தை வைத்து 1957இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படத்தை இதற்கு மாற்றாகக் காட்ட வேண்டாம். அது கற்பனைக் கதை, படமாக்கப்பட்டதும் இலங்கையில். உண்மையான இரும்புப் பாலம் இன்றும் காஞ்சனபுரியில் இருக்கிறது. அதன்மேல் ரயிலும் ஓடுகிறது.

பெரியவர்கள் சொற்களிலும் கவனமாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் "சயாமுக்குப் போனார்" என்று சொல்வது வழக்கம். கேட்கும் பிள்ளைக்கு அது வேலை தேடிப் போனது போலவே ஒலிக்கும். நல்ல கூலி, சில மாத வேலை என்ற வாக்குறுதியை நம்பிப் போனவர்களும் உண்டு, வழியில் மடக்கிப் பிடிக்கப்பட்டவர்களும் உண்டு. இலவசமாகப் படம் காட்டுவதாகக் கொட்டகைக்கு வரவழைத்துக் கதவைப் பூட்டி லாரியில் ஏற்றிச் சென்றதாகவும் நினைவுகள் பதிவாகியுள்ளன. எனவே "ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டார்", "பிடித்துச் செல்லப்பட்டார்" என்று வேறுபடுத்திச் சொல்லிப் பழக வேண்டும்.

படம் முடிந்ததும் "ஜப்பான்காரர்கள் எல்லாரும் கெட்டவர்கள்" என்று பிள்ளை சொன்னால் கடிந்துகொள்ள வேண்டாம். அந்தக் கோபம் இயல்பானது. காவலர்களில் பலர் அப்போது ஜப்பானின் ஆட்சிக்குள் இருந்த கொரியர்கள் என்பதையும், ஆட்களைத் திரட்டிக் கொடுத்ததில் தோட்டங்களில் தொழிலாளர்களை மேற்பார்த்த நம் கங்காணிகள் சிலருக்கும் பங்கிருந்தது என்று திரும்பி வந்தவர்கள் சொல்லியிருப்பதையும் மறைக்காமல் கூறலாம். சித்திரவதைக்குள்ளான எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் கைதியும், அந்த விசாரணையில் மொழிபெயர்ப்பாளராக இருந்த நாகாசே தகாஷியும் 1993இல் காஞ்சனபுரியில் சந்தித்து நண்பர்களானது பதின்ம வயதினருக்குச் சொல்லத்தக்கது. ஆனால் மன்னித்தவர் லோமாக்ஸ். அவர் மன்னித்ததால் மற்றவர்களும் மன்னித்தே ஆக வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க நமக்கு உரிமையில்லை.

மலேசியத் தமிழ்க் குடும்பங்களில், "நம் வீட்டிலிருந்து யாராவது போனார்களா?" என்ற கேள்வி பெரும்பாலும் வந்தே தீரும். ஆகவே படம் காட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ பேசி, பிள்ளையின் முன்னால் சொல்ல அவருக்கு விருப்பமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். சம்மதித்தால், மரவள்ளிக்கிழங்கு தின்ற காலத்தையோ பெட்டியில் கிடக்கும் வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டையோ முன்வைத்துப் பேச்சைத் தொடங்கி, அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யலாம். போனவரின் பெயர், தோட்டத்தின் பெயர், அவர் திரும்பினாரா என்பது ஆகிய மூன்றையும் பிள்ளையே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். தோட்டத்துக்குப் பாட்டி சொல்லும் தமிழ்ப் பெயர் ஒன்றாகவும் வரைபடத்திலுள்ள பெயர் வேறாகவும் இருப்பது வழக்கம் என்பதால், இரண்டையும் அருகருகே எழுதச் சொல்லுங்கள்.