தொடர்மாடியில் பஞ்சபுராணக் குழு தொடங்குவது எப்படி?

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துத் தொடர்மாடிகளில் ஓய்வூதியக்காரர்களுக்குக் குறைவில்லை. பிள்ளைகள் கனடாவில், லண்டனில். கோயிலுக்குப் போக ஆசைதான், ஆனால் காலி வீதி என்ற பெருந்தெருவைக் கடக்க முழங்கால் சம்மதிக்காது. இப்படி நாலைந்து பேர் ஒரே கட்டடத்தில் இருந்தால் கிழமைக்கு ஒருநாள் கூடிப் பஞ்சபுராணம் எனும் சைவத் தோத்திரங்களைப் பாடலாம். சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஆளும் நேரமும்

லிஃப்டில் சந்திக்கும்போது வாயால் கேளுங்கள். வட்ஸ்அப்பில் அறிவித்தால் எல்லோரும் கைகூப்புப் படம் போடுவார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். ஐந்து பேர் தாராளம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் 5 மணிக்குத் தொடங்கி முக்கால் மணித்தியாலத்தில் முடித்துவிடுங்கள். அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்துக்கு முன் முடிவது பக்கத்து முஸ்லிம் வீட்டாருக்கு நாம் காட்டும் மரியாதை. அந்தத் தளத்தில் இருக்கும் சிங்களக் குடும்பங்களுக்கும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம்.

தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தெரிவு செய்யத் தொடங்கினால் குழு இரண்டாகப் பிரியும். எண்ணெய், திரி, கற்பூரம் எல்லாம் அந்தக் கிழமை யார் வீட்டில் கூடுகிறீர்களோ அவர்கள் பொறுப்பு. காசு சேர்க்காதீர்கள்.

எதைப் பாடுவது?

பஞ்சபுராணத்தில் தொடங்குங்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாட்டு. அதன்பின் ஒரு திருப்புகழ், கடைசியில் ‘வான்முகில்’ வாழ்த்து. பள்ளிக்கூடத்தில் சைவம் படித்த யாருக்கும் இவை எங்கோ நினைவில் இருக்கும், முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தால் மீதி தானாக வரும். தொடக்கத்திலும் முடிவிலும் ‘திருச்சிற்றம்பலம்’ சொல்ல மறக்காதீர்கள்.

தேவாரத்துக்கு நம் ஊர்ப் பதிகங்களே இருக்கின்றன. திருக்கோணமலைக்குச் சம்பந்தர் பாடியது ஒன்று. திருக்கேதீச்சரத்துக்குச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியவை இரண்டு. திருகோணமலையையோ மன்னாரையோ விட்டு வந்தவர்கள் குழுவில் இருந்தால் அவர்களையே எடுத்துப் பாடச் சொல்லுங்கள். குரல் தழுதழுத்தால் தழுதழுக்கட்டும்.

ஐந்தாறு கிழமை போனபின் சிவபுராணத்தைச் சேர்க்கலாம். 95 அடி என்றதும் பயப்பட வேண்டாம், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

தாளும் சுருதியும்

புதுக் குழுக்கள் தடுமாறுவது இங்கேதான். புத்தகக் கடையில் வாங்கும் தோத்திரத் திரட்டின் எழுத்து எறும்பு ஊர்வது போல இருக்கும். பேரப்பிள்ளையிடம் சொல்லி 20 அளவு எழுத்தில் தட்டச்சுச் செய்து ஆளுக்கொரு பிரதி எடுங்கள். மூச்சு முடியும் இடத்தில் வரியை உடையுங்கள். வரி முடியும்போது எல்லோரும் ஒன்றாக மூச்செடுத்தால் பாட்டு ஒன்றாகப் போகும். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சடியுங்கள். பாட்டின் நடுவில் எல்லோரும் தாள் புரட்டும் சத்தம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்தது சுருதி. யாராவது உற்சாகத்தில் உச்சத்தில் எடுத்துவிட்டால் மற்றவர்கள் இரண்டாம் வரியில் வாயை மூடிவிடுவார்கள். அதனால் பாட்டில் மிக மேலே போகும் வரியை முதலில் தனியாகப் பாடிப் பாருங்கள். தொண்டை இறுகாமல் அது வந்தால் அதுதான் உங்கள் சுருதி. கைத்தொலைபேசியில் சுருதிப்பெட்டிச் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. சரியாக வந்த கட்டையை, அதாவது சுருதி அளவை, தாளின் மேலே எழுதிவையுங்கள், அடுத்த கிழமை தேட வேண்டியதில்லை. ஒருவர் ஒரு வரி சொல்ல மற்றவர்கள் வாங்கிப் பாடுவதே தொடக்கத்துக்கு நல்லது. கடற்கரைப் பக்க வீடென்றால் நடுவில் ரயில் போகும். நிறுத்தாமல் பாடுங்கள்.

எல்லோருக்கும் கதிரை போடுங்கள். நிலத்தில் இருந்தால்தான் பக்தி என்று யாரும் சொல்லவில்லை. பிரசாதத்துக்கு அவித்த கடலையும் வாழைப்பழமும் போதும். சர்க்கரைப் பொங்கலைத் தைப்பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பேருக்கு நீரிழிவு.

நாட்காட்டியைப் பாருங்கள்

நவராத்திரிக்குச் சகலகலாவல்லிமாலை, பத்தே பாட்டு. ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறு நாளும் கவசம். மார்கழியில் திருவாதிரையோடு முடியும் பத்து நாளும் திருவெம்பாவை. ஊரில் அப்போது விடியற்காலையில் சங்கும் சேமக்கலமும் தெருவையே எழுப்பும். இங்கே அப்படிச் செய்தால் விடிவதற்குள் காவலாளி கதவைத் தட்டுவார். வாய்ப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் சூமில் சேரக் கேட்பார்கள். சேரட்டும். ஆனால் இணையத்தில் குரல் பிந்தித்தான் வரும், சேர்ந்து பாடினால் தாளம் குழம்பும். ‘அரகர மகாதேவா’ சொல்லி முடியும் வரை அந்தப் பக்கத்து ஒலியை நிறுத்தி வையுங்கள், அப்புறம் ஆறுதலாகக் கதைக்கலாம்.