அறுவைக்குப் பிறகு நாயை நடக்க வைப்பது

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வாசலிலேயே மோட்டார் சைக்கிள் ஒன்று இடித்து, எங்கள் நாய் கறுப்பனுக்குப் பின்னங்கால் முட்டியில் எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்தது. அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபின் செய்து கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் தரை. டைல்ஸ் வழுக்கும். படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டிவரை பழைய யோகா பாயை விரித்துவிடுங்கள்.

முதல் மூன்று நாள் ஐஸ். உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைத் துண்டில் சுற்றி 10 நிமிடம், நாளுக்கு மூன்று முறை. தையல் நனையக்கூடாது. வீக்கம் வற்றியதும் வெந்நீர் ஒத்தடம். உங்கள் மணிக்கட்டு தாங்கும் சூடு போதும்.

அப்புறம், டாக்டர் சரி என்றதும், காலை மடக்கி நீட்டுவது. நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரு கை தொடையில், மறு கை முட்டிக்குக் கீழே. மெதுவாக மடக்கி, மெதுவாக நீட்டி, பத்து முறை. கறுப்பன் கத்தவே மாட்டான். உதட்டை நக்குவான், தலையைத் திருப்பி என் கையைப் பார்ப்பான். அதுதான் வலி. அங்கேயே நிறுத்திவிடுவேன்.

நடை 5 நிமிடம், கயிற்றில், ஆமை வேகத்தில். வேகமாக விட்டால் நோகும் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடிவிடும். வெயில் ஏறினால் தார் ரோடு பாதத்தைச் சுடும். காலை எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

நாம் வலிக்குப் போடும் பெனடோல், அதாவது பாராசிட்டமால், நாய்க்கு வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா அன்பாகத்தான் அரை மாத்திரை நீட்டினார், வாங்கவில்லை. பாராசிட்டமால் நாயின் கல்லீரலையும் சிவப்பணுக்களையும் கெடுக்கும், இன்னொரு வலி மாத்திரையான இபுபுரோஃபென் வயிற்றில் புண்ணாக்கும். டாக்டர் தந்த மருந்தை மட்டும், சொன்ன அளவில்.

எடையும் ஏறக்கூடாது. ரொட்டி சானாய் ஓரத்தைப் பிய்த்துப் போடும் பழக்கத்தை எங்கள் அப்பா இன்னும் விட்டபாடில்லை.