மூளைக்குப் பரவிய நுரையீரல் புற்றுநோய்: ரேடியேஷனுக்கு ஒத்துக்கொள்ளும் முன்

நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் போய்விட்டது என்று டாக்டர் சொல்லும்போது அதற்கு மேல் எதுவும் காதில் ஏறாது. அப்பாவுக்கு அப்படி ஆனபோது எங்களுக்கும் அதே நிலைதான். அதனால் தனியாகப் போகாதீர்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு, ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் கேட்க வேண்டியது: கதிர்வீச்சு மூளை முழுவதற்குமா, கட்டி இருக்கும் இடத்துக்கு மட்டுமா? கட்டிகள் சிலவாகவும் சிறியதாகவும் இருந்தால் அந்த இடத்தை மட்டும் குறிவைத்து, பெரும்பாலும் 1 முதல் 5 சிட்டிங்கில் முடித்துவிடுவார்கள். இதற்கான கருவிகளுக்குக் காமா நைஃப், சைபர்நைஃப் என்று கத்தியின் பெயர் வைத்திருந்தாலும் தலையைத் திறப்பதில்லை. கட்டிகள் நிறைய இருந்தாலோ, ஸ்மால் செல் என்ற நுரையீரல் புற்றுநோய் வகையாக இருந்தாலோ பெரும்பாலும் மூளை முழுவதற்கும் கொடுப்பார்கள். வழக்கமாக 10 சிட்டிங்கில் 30 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), இல்லையென்றால் 5 சிட்டிங்கில் 20 கிரே. இதில் முடி கொட்டும், பிறகு மறதியும் வரலாம். ஞாபகத்துக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியை ஒதுக்கிக் கொடுக்க முடியுமா, மறதிக்குக் கொடுக்கும் மெமன்டின் மாத்திரை உதவுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கட்டியின் ஜீன் பரிசோதனை ரிப்போர்ட் வந்துவிட்டதா என்றும் பாருங்கள். இஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற ஜீன்களில் மாற்றம் இருந்தால் ஓசிமெர்டினிப், அலெக்டினிப் போன்ற மாத்திரைகள் மூளைக்குள்ளும் போய் வேலை செய்யும், சிலருக்கு ரேடியேஷனைத் தள்ளிப்போடவே முடியும். ஆனால் கை கால் பலவீனம், வலிப்பு என்று அறிகுறிகள் இருந்தால் காத்திருக்கலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நோயாளி ரொம்பத் தளர்ந்து போயிருந்தால் இன்னொன்றும் பேச வேண்டியிருக்கும். ஆபரேஷனோ குறிவைத்த கதிர்வீச்சோ செய்ய முடியாத, ஸ்மால் செல் அல்லாத வகை நோயாளிகளிடம் குவார்ட்ஸ் என்ற ஆய்வு நடந்தது. 2016-ல் வெளியான அதன் முடிவில், ஸ்டீராய்டோடும் நல்ல பராமரிப்போடும் மூளை முழுவதற்கும் ரேடியேஷன் சேர்த்ததால் பெரிய கூடுதல் பலன் தெரியவில்லை. அதனால் "வேண்டாம்" என்று முடிவெடுத்தால் அவரைக் கைவிட்டதாக நினைத்து உங்களையே வதைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, சிகிச்சை முடிவாகிவிட்டது. தலை அசையாமல் இருக்க பெரும்பாலும் முகத்துக்கு ஒரு வலை மாஸ்க் செய்வார்கள், சூடாக வைத்து அழுத்தினால் சில நிமிடத்தில் இறுகிவிடும், மூச்சு விடத் தடை இல்லை. அப்பாவுக்கு மூடிய இடம் என்றாலே பயம், அதை முன்பே சொல்லியிருந்தால் பதட்டம் குறைய மருந்து கொடுத்திருப்பார்கள், எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. நீங்கள் சொல்லிவிடுங்கள். கதிர் படும்போது வலிக்காது. வெளியிலிருந்து கொடுப்பதால் உடம்பில் கதிர்வீச்சு தங்காது, பேரப்பிள்ளைகள் தாராளமாகக் கட்டிப்பிடிக்கலாம்.

வீட்டில் கவனமாக இருக்க வேண்டியது டெக்ஸாமெத்தசோன் விஷயத்தில். மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இது. சாப்பாட்டோடு கொடுங்கள், ராத்திரி கொடுத்தால் தூக்கம் போய்விடும் என்பதால் காலையிலும் மதியத்துக்குள்ளும் முடித்துவிடுவது நல்லது. சர்க்கரை ஏறும், அதனால் அடிக்கடி பாருங்கள். தொடை பலமிழந்து நாற்காலியிலிருந்து எழுவதே கஷ்டமாகலாம், வாயில் வெள்ளைப் படலம் வரலாம், இரண்டையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நன்றாகிவிட்டாரே என்று திடீரென்று மட்டும் நிறுத்தாதீர்கள், டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ரேடியேஷன் முடிந்த பிறகும் பல வாரம் அசதி இருக்கும், தூங்கட்டும். வலிப்பு, வாந்தியோடு கடும் தலைவலி, ஒரு பக்கம் பலவீனம், எழுப்பினாலும் எழாத மயக்கம் எது வந்தாலும் காலைவரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் அனுமதிக்கும்வரை வண்டி ஓட்ட விட வேண்டாம்.

அப்புறம், குறிவைத்த சிகிச்சை எடுத்தவர்களுக்கு முதல் வருடம் 2-3 மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ எடுப்பது வழக்கம். கதிர்வீச்சால் செத்துப்போன திசு ஸ்கேனில் கட்டி வளர்ந்தது போலவே தெரியலாம், மாதங்கள் கழித்துக்கூட. ரிப்போர்ட்டில் ஒரு வரியைப் பார்த்துவிட்டு நோய் திரும்பிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாமல், இது கட்டியா, கதிர்வீச்சின் விளைவா என்று டாக்டரிடம் கேளுங்கள்.