கியோட்டோல ஒரே நாள்ல கோயில், கடைத்தெரு: ராம்நாடு பக்கத்து ஆளுங்களுக்கு

ஜப்பான் டூர்ல கியோட்டோக்கு ஒரு நாள்தான் கெடைக்குது, எங்கெங்க போறதுன்னு மண்டபத்துலேர்ந்தும் கீழக்கரைலேர்ந்தும் சொந்தக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் மொத்தமா எழுதிடுறேன். மொதல்ல நம்ம கோயில் டைமிங்க மறந்துருங்க. இங்க மத்தியானம் நடை சாத்துவாங்க, சாயங்காலம் திறப்பாங்க, வெயில் தாழ போய்க்கலாம்னு நமக்கு ஒடம்புலயே ஊறிப்போச்சு. அங்க மத்தியானம் சாத்துறதே பெரும்பாலும் கெடையாது, ஆனா பௌத்த கோயிலெல்லாம் நிறைய எடத்துல அஞ்சு மணியோட கதவ மூடிருவாங்க, மார்க்கெட்டும் ஆறு மணிக்குள்ள அடங்கிரும். அதனால வெள்ளன கெளம்புறதுதான் பாதி வேலை.

கருக்கல்லயே ஃபுஷிமி இனாரி போயிருங்க, அது ஜப்பானோட சொந்த மதமான ஷின்டோவோட கோயில். 24 மணி நேரமும் திறந்திருக்கும், டிக்கெட் இல்ல. கியோட்டோ ஸ்டேஷன்ல ஜேஆர் நாரா லைன், ரெண்டாவது ஸ்டாப் இனாரி, எறங்குனா எதுக்கவே வாசல். ஆனா லோக்கல் வண்டில ஏறுங்க, ரேபிட் அங்க நிக்காது. மலை மேல வரிசையா நிக்கிற ஆரஞ்சு வாசலெல்லாம் ஆளுங்களும் கம்பெனிகளும் காணிக்கையா நட்டது, எறங்கி வரும்போது பாத்தீங்கன்னா தூண் பின்னாடி பேரும் தேதியும் எழுதிருக்கும். நம்மூர்ல டியூப்லைட்லயே உபயம்னு பேர் எழுதுறவங்க நாம, அதனால அதுல ஒண்ணும் ஆச்சரியப்பட மாட்டோம். வாயில சாவி, நெல்லுக்கதிர் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது நரி, நெல்லுக்குண்டான சாமிக்கு தூதுவர் அது, நாய்னு நெனச்சு பைரவர் கும்புடு போட வேணாம். மலை 233 மீட்டர்தான், ஆனா சுத்தி வர ரெண்டு மூணு மணி நேரம் ஆயிரும், யோட்சுட்சுஜிங்கிற முக்கு வரைக்கும் ஏறி ஊரப் பாத்துட்டு திரும்புனா போதும்னு சொல்வேன்.

கும்புடுற முறை சிம்பிள். வாசல்ல தண்ணித் தொட்டி இருக்கும், கரண்டில மோந்து எடது கை, அப்புறம் வலது கை, எடது கைல ஊத்தி வாய் கொப்புளிக்கணும், கரண்டிய வாயில வைக்கக்கூடாது, ராமேஸ்வரம் 22 தீர்த்தம் பழக்கத்துல தலைல ஊத்திக்கிறதும் கூடாது. காசு போட்டு ரெண்டு தடவ குனிஞ்சு, ரெண்டு தட்டு கைதட்டி, கும்புட்டுட்டு இன்னொரு தடவ குனியணும். இது ஷின்டோ கோயிலுக்கு மட்டும், பௌத்த கோயில்ல கைதட்டாம சும்மா கைகூப்புனா போதும். சாமி கும்புடாம சும்மா சுத்திப் பாக்க வந்தவங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

திரும்ப ஜேஆர்ல ஏறாதீங்க, கொஞ்சம் தள்ளி கெய்ஹான் லைன் ஸ்டேஷன் இருக்கு, அங்கேர்ந்து மூணாவது ஸ்டாப் ஷிச்சிஜோ. எறங்கி நடந்தா சான்ஜூசான்கென்டோங்கிற பௌத்த கோயில். எல்லாரும் போற கின்காகுஜிங்கிற பொன்னிற கோயில விட எனக்கு இதுதான் புடிக்கும். 1266ல திரும்பக் கட்டுன மரக்கூடம், 120 மீட்டர் நீளம், உள்ள 1001 கன்னோன் சிலை (பௌத்தத்துல கருணைக்கான தெய்வம்), அதுக்கு முன்னாடி 28 காவல் தெய்வங்க, அதுல நம்ம பிரம்மா, இந்திரன், கருடன் எல்லாரும் உண்டு, கருடன் புல்லாங்குழல் ஊதிக்கிட்டு நிக்கிறாரு! டிக்கெட் 600 யென், போட்டோ கூடாது, செருப்ப கழட்டிட்டுதான் உள்ள, குளிர்காலத்துல தரை ஜில்லுன்னு இருக்கும், ஓட்டையில்லாத சாக்ஸா போட்டுட்டுப் போங்க.

மத்தியானம் அதே கெய்ஹான்ல கியோன் ஷிஜோ எறங்கி ஆத்தப் பாலத்துல தாண்டி நிஷிகி மார்க்கெட். கடல்லேர்ந்து அவ்வளவு தூரத்துல மீன் கடைத்தெரு எப்படி வந்துச்சுன்னா, அடில ஓடுற கிணத்துத்தண்ணி ஜில்லுன்னு இருக்கும், ஐஸ் இல்லாத காலத்துல அதுலதான் மீன கெடாம வச்சிருக்காங்க. அந்தத் தண்ணி இன்னமும் கிழக்குக் கோடில இருக்குற நிஷிகி டென்மாங்கு கோயில்ல வருது, குடிக்கலாம், பாட்டில்ல புடிச்சுக்கலாம், தண்ணியில்லாக் காட்டுலேர்ந்து போன நமக்கு அதுவே பெரிய தரிசனம். அந்தக் கோயில்ல இருக்கறது படிப்புக்கான சாமி, பரீட்சை எழுதுற பிள்ளைக இருந்தா கூட்டிட்டுப் போங்க.

மார்க்கெட்ல நடந்துக்கிட்டே திங்கக்கூடாது, வாங்குன கடை முன்னாடியே நின்னு தின்னுட்டு குச்சிய அங்கயே குடுத்துரணும். தலைக்குள்ள காடை முட்டை வச்ச குட்டிப் பேய்க்கணவாய் குச்சில குத்தி விப்பாங்க, இனிப்பா இருக்கும், எனக்குப் புடிக்கல. சீவி சீவி விக்கிற கட்சுவோபுஷி என்னன்னு பாத்தா நம்ம மாசிக்கருவாடு குடும்பம்தான், அதே சூரை மீன அவிச்சு பொக போட்டு காய வச்சது. சைவக்காரங்க இங்கதான் உஷாரா இருக்கணும், காய்கறி சூப்புலயும் முட்டை ரோல்லயும் அதோட சாறுதான் இருக்கும், சனிக்கிழமை சைவம்னு இருக்குற அத்தைங்கள பழத்தோட நிறுத்திக்கச் சொல்லுங்க. ஹலால் பாக்குறவங்க சாஸ் தடவி சுட்டத விட்டுட்டு, அதுல மிரின், சாக்கேன்னு சாராய வகை சேரும், உப்பு மட்டும் போட்ட ஷியோயாக்கி மீனான்னு கேட்டு வாங்குங்க. புதன்கிழமை கொஞ்சம் கடை லீவா இருக்கும். சில்லறை யென் கைல வச்சுக்கங்க, குப்பைக்கு ஒரு கவர், ஏன்னா ரோட்டுல தொட்டியே கண்ணுல படாது.

சாயங்காலமும் கோயில் போகாம இருக்க முடியாதுன்னா பக்கத்துல யாசாகாங்கிற ஷின்டோ கோயில் இருக்கு, அது ராத்திரியும் திறந்திருக்கும், விளக்கெல்லாம் எரியும்போதுதான் நல்லாருக்கும்.

இன்னொண்ணு, போற தேதி 21ஆ அமைஞ்சா இந்தப் பிளான மாத்திருங்க. மாசாமாசம் 21ந்தேதி டோஜி கோயில் வளாகத்துலயே சந்தை கூடும், பழைய கிமோனோ, பாத்திரம், செடின்னு எல்லாம் வரும், அன்னைக்கு நிஷிகிய விட்டுட்டு காலைலயே அங்கிட்டுப் போயிருங்க.