வார இறுதியில் டர்ஹாம் மைனர் லீக் பேஸ்பால்

ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஆட்டத்தைத் தேடாதீர்கள். முதலில் ஆட்ட அட்டவணையைப் பாருங்கள். மைனர் லீக்கில், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்குக்குக் கீழுள்ள தொடர்களில், இப்போது ஒரே எதிரணியோடு செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டங்கள் என்பதுதான் வழக்கம். திங்கள் பெரும்பாலும் ஓய்வு. அணி வெளியூர் போயிருக்கும் வாரத்தில் ஹோட்டல் போட்டுவிட்டால் பூட்டிய மைதானத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

வட கரோலினாவின் டர்ஹாம் இதற்குத் தோதான ஊர். மேஜர் லீக் அணியான டாம்பா பே ரேஸுக்கு வீரர்களைத் தயார்செய்யும் டிரிபிள் ஏ (மைனர் லீக்கின் மேல்நிலை) அணி டர்ஹாம் புல்ஸ், 1995-ல் திறந்த மைதானத்தில் ஆடுகிறது. இடது பக்கச் சுவருக்கு மேல் ஒரு பெரிய காளைப் பலகை. உள்ளூர் வீரர் ஹோம் ரன் (பந்தை எல்லைச் சுவரைத் தாண்டி) அடித்தால் அதன் கண் சிவந்து, வால் ஆடி, மூக்கில் புகை வரும். பந்து காளை மேலேயே பட்டால் அடித்தவருக்கு ஸ்டேக் (மாட்டிறைச்சி உணவு) பரிசு. காலடியில் உள்ள புல்லில் பட்டால் சாலட்! குழந்தைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு இதையேதான் பார்ப்பார்கள்.

சனிக்கிழமை இரவு ஆட்டம் என்றால் பகலில் டியூக் பல்கலைக்கழகத் தோட்டத்தைச் சுற்றலாம், நுழைவு இலவசம். அப்புறம் மைதானத்தை ஒட்டியுள்ள பழைய புகையிலை ஆலை வளாகத்தில் சாப்பாடு.

கோடையில் மாலை இடிமழை சகஜம். அதனால் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கே டிக்கெட் எடுப்பது என் கட்சி. அது தள்ளிப்போனாலும் பெரும்பாலும் மறுநாளே இரட்டை ஆட்டமாக, தலா ஏழு இன்னிங்ஸ் நடத்துவார்கள். மைதானத்துக்குள் கொண்டுபோகும் பைக்கான அளவு விதியையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.