நம்ம ஊர் பாட்டைத் தேடிக் கேட்டு எழுதுவது எப்படி: கே.எல். ரசிகர்களுக்கு

கே.எல்.லில், அதாவது கோலாலம்பூரில், சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிற தமிழ்ப் பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள்தான் குறைவு. பாட்டு வெளியானதும் 'சூப்பர் ப்ரோ', 'நம்ம பசங்க, சப்போர்ட் பண்ணுங்க' என்று நாலு வரி விழும், அதோடு சரி. இரண்டு வருஷம் கழித்து அந்தப் பாட்டில் யார் வாசித்தார்கள், மேடையில் அது எப்படி இருந்தது என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. இசை படித்தவர்கள் வந்து எழுதட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காது கொடுத்துக் கேட்கிற, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லத் தெரிந்த ரசிகர் போதும்.

முதலில் தேடுகிற இடத்தை விரியுங்கள். ராகா, மின்னல் எஃப்.எம். வானொலிகளில் உள்ளூர்ப் பாடல்கள் வருகின்றன, கேளுங்கள். ஆனால் வானொலிவரை போய்ச் சேராத பாட்டுகளும் உண்டு. இன்ஸ்டாகிராமில் பாடகரை மட்டும் பின்தொடராமல், ஷோ நடக்கிற இடங்களையும், ஷோ ஏற்பாடு செய்கிறவர்களையும், பீட் போடுகிறவரையும் பின்தொடருங்கள். யூடியூப் வீடியோவுக்குக் கீழே இருக்கிற பெயர்களை யாரும் படிப்பதில்லை, நீங்கள் படியுங்கள். குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்க்கிற மிக்ஸிங் வேலையைச் செய்த ஒரே ஆளின் பெயர் நாலைந்து பேர் பாட்டில் வரும், அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் யார் யாரோடு வேலை செய்கிறார்கள் என்பது சீக்கிரமே பிடிபட்டுவிடும்.

அப்புறம் ஷோ நடக்கிற இடத்துக்கு நேரில் போக வேண்டும், அதற்கு மாற்றே கிடையாது. பசார் செனி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ரெக்ஸ் கே.எல். இருக்கிறது, பழைய ரெக்ஸ் தியேட்டர் கட்டடம். கம்போங் அத்தாப்பில் ஜோங்ஷான் கட்டடம், ஜாலான் மெசுயியில் 1998இல் தொடங்கிய நோ பிளாக் டை, பெட்டாலிங் ஜெயாவில் சொந்தப் பாட்டு பாடுகிறவர்களுக்கு மேடை கொடுத்தே பேர் வாங்கிய மெர்டேகார்யா. பினாங்குக்காரர்கள் என்றால் ஜார்ஜ்டவுன் ஹின் பஸ் டிப்போவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இந்த மாதிரி இடங்கள் மூடுவதும் இடம் மாறுவதும் சாதாரணம், அதனால் கிளம்புவதற்கு முன் அவர்களுடைய பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், வீட்டுக்குத் திரும்புவது எப்படி என்பதையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

தமிழ் ஷோ என்று போட்டிருந்தால்தான் போவேன் என்று மட்டும் இருக்காதீர்கள். மலாய்ப் பாட்டுக் குழுவில் நம் பிள்ளை பேஸ் கித்தார் வாசித்துக்கொண்டிருக்கலாம். பினாங்கிலிருந்து கிளம்பிய அலிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகமும் அவர் தம்பி லோகநாதனும் மலாய்ப் பாட்டில்தான் நாடு முழுக்கப் பேர் வாங்கினார்கள். அதே போல உறுமி மேளத்தையும் விட்டுவிடாதீர்கள். கம்பெனி எதையும் நம்பாமல் தாங்களே காசு போட்டு, தாங்களே பயிற்சி எடுத்து, பாட்டைப் பதிவு செய்து வெளியிடுகிற மேளக்குழுக்கள் இந்த நாட்டில் இருக்கின்றன. தைப்பூச நேரத்தில் பத்துமலையிலும் பினாங்கு தண்ணீர்மலையிலும் அவர்கள் பாடுவதைப் பக்தி என்று மட்டும் ஒதுக்கி வைக்காமல் இசையாகவும் கேட்டு எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஷோவுக்குப் போனால் முதல் குழு ஏறும்போதே உள்ளே இருங்கள். பெரிய பேர் கடைசியில்தான் வருவார் என்று பத்து மணிக்கு மேல் நுழைகிறவர்களால், முதலில் பாடுகிற பிள்ளைகள் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடுகிறார்கள். அடுத்த வருஷம் நீங்கள் தேடப்போகிற ஆள் பெரும்பாலும் அவர்களில்தான் ஒருவர். காதுக்கு அடைப்பானும் எடுத்துப் போங்கள், மருந்துக்கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் நுரைப்பஞ்சு (ஃபோம்) அடைப்பானே போதும். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் 15 நிமிஷம்தான் பாதுகாப்பாகத் தாங்கும் என்று வேலையிடப் பாதுகாப்பு அளவுகள் சொல்கின்றன. சின்ன அறையில் டிரம்ஸ் பக்கத்தில் நின்றால் 100ஐத் தொடுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

எங்கே நிற்பது? சவுண்ட் மேசைக்குப் பக்கத்தில். அங்கே உட்கார்ந்திருப்பவர் தன் காதுக்கு ஏற்பத்தான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறார், ஆகவே அந்த அறையில் ஓரளவு நியாயமான சத்தம் அங்கேதான் கேட்கும். முதல் இரண்டு பாட்டை அங்கே கேட்டுவிட்டு அப்புறம் முன்னால் போங்கள்.

புதிதாக எழுதுகிறவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு: பாடகரின் குரல் கேட்கவே இல்லை, வார்த்தை புரியவில்லை, இது யார் தவறு? அன்றைக்கு மேடை ஏறிய எல்லாருக்கும் குரல் அமுங்கியிருந்தால் அது அறையின் கோளாறு, அல்லது சவுண்ட் வைத்தவரின் கோளாறு. ஒரு குழுவுக்கு மட்டும் அமுங்கியிருந்தால் அவர்கள் மேடையிலேயே கித்தார் ஆம்ப்ளிஃபையரை அதிகமாக ஏற்றி வைத்திருக்கலாம், இல்லையென்றால் பாடகர் மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்திருக்கலாம். ராப் பாடுகிறவர்களில் சிலர் மைக்கின் தலையையே கையால் மூடிப் பிடிப்பார்கள், பார்க்க ஸ்டைலாக இருக்கும், ஆனால் குரல் டப்பாவுக்குள் போன மாதிரி ஆகிவிடும். இதையெல்லாம் கவனித்து எழுதினால் 'சவுண்ட் மோசம்' என்ற ஒற்றை வரியைவிட ஆயிரம் மடங்கு உதவும், குழுவுக்கும் இடத்தை நடத்துகிறவருக்கும்.

பாட்டு வரிகளுக்கு வருவோம், தமிழில் எழுதுகிற நமக்குத்தான் இதில் அதிகமாகச் சொல்ல இருக்கிறது. பீட் எங்கே விழுகிறது, எந்த எழுத்தில் விழுகிறது என்று பாருங்கள். குறிலை நெடிலாக இழுத்தால் நம் மொழியில் பொருளே மாறிவிடும், கையில் வரி இல்லாமல் கேட்கிறவருக்குப் பாட்டு பிடி கிடைக்காமல் போவதற்கு இது பெரிய காரணம். நல்ல ராப்பர் நெடில் வருகிற இடத்தைப் பீட்டுக்குக் கொடுத்துவிட்டு, குறில்களை நடுவே வேகமாக ஓட்டிவிடுவார். இரண்டு மூன்று தடவை கேட்டால் யாருக்கும் இது காதில் விழும். இன்னொன்று, யாருடைய நாக்கில் பாடுகிறார்? செந்தூலில் வளர்ந்த பையன் சென்னை சினிமாத் தமிழில் பேசுகிற மாதிரி பாடினால் அதைச் சொல்லுங்கள். மலாய் வார்த்தையும் 'லா'வும் கலந்த நம் பேச்சு பாட்டில் வருகிறபோது அது அளவாக, இயல்பாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

கொஞ்சம் பழையதைக் கேட்டு வைத்திருப்பதும் அவசியம். 90களில் பொயட்டிக் ஆம்மோ என்ற ராப் குழு, அதிலிருந்து வந்த யோகி பி, பிறகு 2006இல் யோகி பி & நட்சத்திரா வெளியிட்ட 'வல்லவன்' ஆல்பம். தமிழ் ராப் என்று ஒன்று தனியாக நிற்கும் என்று தமிழ்நாட்டிலேயே பலருக்குக் காட்டியது இந்த ஊர்ப் பிள்ளைகள்தான். பத்து வருஷம் கழித்து 'கபாலி' வந்தபோது அதில் மலேசியாவின் ரோஷன் ஜாம்ராக் ராப் பாடினார். இதெல்லாம் தெரிந்திருந்தால் இன்றைக்கு வருகிற பாட்டை 'அனிருத் மாதிரி இருக்கிறது' என்று எழுத மாட்டீர்கள்.

எழுதும்போது: தேதி, இடம், யார் யார் வாசித்தார்கள், பாடிய வரிசை, கூட்டம் எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்கு. இதை அன்றிரவே மாமாக் கடையில் தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து குறித்துவிடுங்கள். கருத்தை மறுநாள் எழுதலாம். 'வேற லெவல்' வேண்டாம், எந்த நிமிஷத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். இரண்டாவது பாட்டில் டிரம்ஸ் நின்று குரல் மட்டும் தனியாக வந்தபோது கூட்டம் அமைதியானது என்று எழுதினால் படிப்பவருக்கு அது கேட்கும். பிடிக்கவில்லையென்றாலும் அதே மாதிரி இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். முதல் மேடை ஏறுகிறவரிடம் கனிவாக இருங்கள். காசு வாங்கி ஆல்பம் விற்கிறவரிடம் அவ்வளவு தயவு தேவையில்லை, 'உள்ளூர்ப் பாட்டுக்கு இது பரவாயில்லை' என்ற வரியை மட்டும் யாருக்கும் எழுதாதீர்கள், அவர்களுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

இந்த ஊர் சின்னது, பாடுகிறவர் உங்கள் பள்ளிக்கூட நண்பராகவோ அத்தை மகனாகவோ இருப்பார். எழுதுங்கள், ஆனால் முதல் வரியிலேயே உறவைச் சொல்லிவிடுங்கள். ஓசியில் உள்ளே விட்டார்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். முடிந்தவரை டிக்கெட் வாங்கியே போங்கள்.

காசு பற்றி ஒரு வார்த்தை. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு ஒரு சென்னும் போவதில்லை. பாடுகிறவர்கள் தங்கள் பாட்டை நேரடியாக விற்கிற பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, பணம் செலுத்தும் கட்டணம் போக மீதி பாடியவருக்கு. வாசலில் டீ-சர்ட்டோ சிடியோ விற்றால் அங்கேயே வாங்குங்கள், விமர்சனத்தின் கடைசியில் எங்கே வாங்கலாம் என்றும் போடுங்கள்.

எழுதியதைப் படித்துவிட்டு குழுவிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள். 'அண்ணே, கீபோர்டு வாசித்தது என் தம்பி இல்லை, பெயரை மாத்துங்க' என்றால் உடனே மாற்றி, மாற்றியதைக் கீழே குறித்துவிடுங்கள். 'அந்த மூணாவது பாட்டைப் பத்திச் சொன்னதை எடுத்துடுங்க' என்றால் மரியாதையாக முடியாது என்று சொல்லிவிட்டு, அடுத்த ஷோ எப்போது என்று கேளுங்கள்.