பேஸ்மென்டைச் சூடாக்கத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் தொழில் பழகும் இருவர் ஒரு பேஸ்மென்டை, அதாவது வீட்டின் நிலத்தடித் தளத்தை, சூடாக்கத் திட்டம் எழுதிக் காட்டினார்கள். முதல் பக்கத்திலேயே ஹீட்டரின் மாடல் எண். சுவரில் வெப்பக்காப்பு உண்டா, தரையில் ஈரம் உண்டா என்பது எங்குமே இல்லை. ஜன்னல் இடுக்கை அடைப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெறும் கான்கிரீட்டின் மேல் தரைச்சூடு

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எரிச்சல் வருகிறது. பாதத்துக்கு இதமாக இருக்குமென்று, சூடேறும் மின்கம்பி வலையைக் கான்கிரீட்டின் மேல் நேரடியாக விரித்து டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். வெப்பம் மேலே மட்டுமா போகும்? அடியில் இருக்கும் குளிர்ந்த கான்கிரீட்டும் மண்ணும் கணிசமான பங்கை விழுங்கிவிடும். ஒரு வீட்டில் மாலையில் போட்ட சூடு, பிள்ளைகள் தூங்கப்போன பிறகுதான் காலுக்கு எட்டியது. வாசல் விளிம்பில் குனிந்து பார்த்தேன்: டைல், பசை, கம்பி, உடனே கான்கிரீட். இடையில் வெப்பக்காப்பு இம்மியும் இல்லை. சரிசெய்ய வேண்டுமானால் தரை முழுவதையும் உடைக்க வேண்டும். கம்பியும் அதோடு போய்விடும்.

கூரை உயரம் குறைந்துவிடும் என்று காரணம் சொல்கிறார்கள். 6 மில்லிமீட்டர் தடிமனிலேயே டைல்ஸ் ஒட்டத்தக்க வெப்பக்காப்புப் பலகை கிடைக்கிறது. இடமிருந்தால் இன்னும் தடிமனாகப் போடுங்கள். அதற்கும் மனமில்லையென்றால் தரைச்சூட்டையே மறந்துவிடுங்கள்.

பலகைக்கு முன் ஈரச் சோதனை. பிளாஸ்டிக் தாளைக் கான்கிரீட்டின் மேல் விரித்து நாற்புறமும் டேப் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். அடியில் நீர் துளிர்த்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ மற்ற எல்லாம் அப்புறம்.

மேல்தளத்துத் தெர்மோஸ்டாட்டை நம்புவது

தெர்மோஸ்டாட் என்பது அறையின் சூட்டைப் பார்த்து ஹீட்டரை இயக்கி நிறுத்தும் கருவி. அது மேல்தளத்தில் இருந்தால், அங்கே வெயில் பட்டு அறை சூடானதும் ஃபர்னஸ் (காற்றைச் சூடாக்கிக் குழாய் வழியே வீடு முழுக்க அனுப்பும் அடுப்பு) நின்றுவிடும். கீழே இருப்பவர் நடுங்குவார். பேஸ்மென்டுக்குத் தனித் தெர்மோஸ்டாட் வேண்டும். சூடான காற்று வரும் குழாய் மட்டும் போதாது, குளிர்ந்த காற்று திரும்பிப் போகத் தரையோரம் வழி வேண்டும். அந்த வழியைக் கேஸ் ஃபர்னஸ் உள்ள அறைக்குள் வைத்துவிடாதீர்கள். புகைக்குழாயில் வெளியேற வேண்டிய நச்சுவாயு வீட்டுக்குள் இழுக்கப்படலாம்.

புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டர்

வேண்டாம்.

1,500 வாட் ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டுவது

வயர் சூடேறித் தீப்பிடிக்கலாம்.

வாங்கும் விலையை மட்டும் பார்ப்பது

எப்போதாவது விருந்தினர் தங்கும் அறைக்குச் சுவரோர மின் ஹீட்டர் போதும். தினமும் ஒருவர் வசிக்கும் இடத்தில் அது மின்கட்டணத்தை ஏற்றிவிடும். அங்கே வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே இறைக்கும் ஹீட் பம்ப்தான் என் தேர்வு: மின் ஹீட்டர் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பமே தரும், இது மிதமான குளிரில் 2 முதல் 3 யூனிட் வரை தரும். கடுங்குளிரில் குறையும், ஆகவே உங்கள் ஊரின் மிகக் குளிர்ந்த நாளில் அது எவ்வளவு வெப்பம் தரும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.